பெர்பெத்துவின் சுருட்டுப் பெட்டி

பெர்பெத்து செய்த அந்தப் பெட்டியின் கதவு திறந்துகொண்டே இருந்தது, ஆனால் பெட்டி திறக்கவில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். எங்கள் புன்னைமுனையில் அது நெத்திலி அள்ளிக்கொண்டு வந்த நாள், மணலில் பரத்திய மீனைக் காகத்திடமிருந்து காப்பதா, திறக்காத பெட்டியை வேடிக்கை பார்ப்பதா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, முதலில் மீனைத்தான் பார்த்தோம்.

சுருட்டுப் பெட்டி என்றதும் சுருட்டு வைக்கிற பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். வைத்தாலும் வைக்கலாம், அது வேறு. உள்ளங்கையில் அடங்குகிற மரப்பெட்டி அது, கீலும் கிடையாது, மூடியும் கிடையாது. சுண்டுவிரலில் பாதி அகலத்துக்குப் பட்டி பட்டியாக மரத்தை இழைத்து, அவற்றை வரிசையாக ஒரு துணியில் ஒட்டி, பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பட்டிகளின் முனைகளை ஓடவிட்டால் அதுதான் கதவு. கட்டைவிரலால் மேலே தள்ளினால் கதவு பாய் சுருளுவதுபோல வளைந்து, பெட்டியின் கூரையோடு ஊர்ந்து, முதுகுப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். கடைத்தெரு ஷட்டரைக் குள்ளமாக்கி மரத்தில் செய்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்பெத்துவின் அப்பா வள்ளம் கட்டுகிற ஓடாவி. அவர் அறுத்துத் தள்ளிய துண்டுகளை வைத்துச் சிறுபிள்ளையில் விளையாட்டாகப் பெட்டி செய்யத் தொடங்கியவள், கஸ்பாரைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தபிறகும் விடவில்லை. கடலுக்குப் போகிற ஆம்பிளைகள் ஆளுக்கொன்று வாங்கி, பீடியையும் தீக்குச்சியையும் அதில் போட்டு, தலையில் கட்டுகிற உருமாலுக்குள் செருகிக்கொண்டு போனார்கள். அலையடியில் வள்ளம் தள்ளும்போது இடுப்பு நனையும், நெஞ்சு நனையும், உருமாலுக்குள் இருக்கிற பெட்டி மட்டும் நனையாது. நனையவும் கூடாது, ஏனென்றால் அவள் ஒட்டியது வச்சிரத்தில், அது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை, மரத்தை மரத்தோடு உடும்புப்பிடியாகப் பிடிக்கும், ஆனால் தண்ணீருக்குள் ஊறினால் இளகிவிடும்.

"தண்ணிக்குள்ள முக்கிராதீங்க, பட்டி பட்டியா உதிந்துரும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பாள்.

"எங்க தலையே முங்கிட்டுன்னா அதுக்கப்புறம் பீடி எதுக்கு தாயி?" என்று ஒவ்வொருவரும் சிரித்துத்தான் வாங்குவார்கள்.

கஸ்பாரும் அப்படிச் சிரித்தவன்தான். காற்று இல்லாத, அலை இல்லாத, குறை சொல்ல ஒன்றுமே இல்லாத ஒரு காலையில், அயினிப் பலகையில் மாமனார் கட்டிக்கொடுத்த, பச்சைச் சாயம் அடித்து மஞ்சளில் 'ஜெபமாலை' என்று பேரெழுதிய தன் வள்ளத்தை ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனான். நாலு வருஷமாகிறது, இன்னும் வரவில்லை.

வரவில்லை என்றுதான் எங்கள் ஊரில் சொல்லலாம். செத்தான் என்று சொல்லக்கூடாது. கடலுக்குப் போனவனின் உடம்பு கரை தொட வேண்டும், அல்லது அவன் வள்ளத்தின் மரம் கரை தொட வேண்டும். இரண்டில் ஒன்று தொட்டால்தான் சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லிவைக்கிற உபதேசியார் கோயிலில் துக்க மணி அடிப்பார், மணி அடித்தால்தான் பெண்கள் அழலாம். அதற்கு முன்னால் அழுதால், கரையில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் அங்கே நடுக்கடலில் ஒரு அலையாக எழும்பி, பலகையைப் பிடித்துக்கொண்டு எங்காவது நீந்திக்கொண்டிருப்பவனின் முகத்தில் அடிக்கும். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பெர்பெத்து அழவில்லை. நாலு வருஷமாக அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, வெங்காயம் உரிப்பதைக்கூட மாமியார் ஞானப்பூ தன் கையில் எடுத்துக்கொண்டாள். அழாமல் இருந்து இருந்து பெர்பெத்துவின் தொண்டை ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. டவுன் டாக்டர் அதற்கு ஏதோ பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். அது அழுகை என்று எங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் திரும்பி வரவேண்டும் என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாய்விட்டு அழவேண்டும்.

கதவு திறந்துகொண்டே இருந்த அந்தப் பெட்டி, உபதேசியார் கோயில் தீக்குச்சி வைக்கக் கேட்ட பெட்டி. வழக்கமாகக் கதவுக்குப் பின்னால் ஒட்டுகிற காக்கித் துணி தீர்ந்துபோனதால், வீட்டு மூலையில் சுருட்டிக் கிடந்த கஸ்பாரின் பழைய பாயிலிருந்து, அதாவது வள்ளத்தில் கட்டுகிற பாய்த்துணியிலிருந்து, ஒரு சாண் வெட்டி ஒட்டினாள். அதனால்தான் எல்லாம் என்று சிலர் சொல்கிறார்கள். சாம்பல் புதனன்று வச்சிரம் காய்ச்சியதால் என்று சிலர். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. காய்ந்த பெட்டியை எடுத்து, கதவு ஓடுகிறதா என்று பார்க்கக் கட்டைவிரலால் தள்ளினாள். குமிழ் வைத்த முதல் பட்டி மேலே போய் மறைந்தது, பின்னால் அவள் ஒட்டிய பூவரசம் பட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, அவள் ஒட்டியதெல்லாம் போய்த் தீர்ந்தபிறகும் கீழேயிருந்து பட்டி வந்துகொண்டிருந்தது. கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தாள். மேலே போனது இறங்கவில்லை. மறுபடி தள்ளினாள். நீலச்சாயம் அடித்த ஒரு பட்டி வந்து நின்றது.

"இது நம்ம பழைய ஏலக்கூடத்து பெஞ்சுல்லா" என்றாள் ஞானப்பூ, அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்து. "புயல்ல போச்சே, அந்த பெஞ்சு. அதுல இருந்துதான் ஒங்க மாமா என்னையப் பொண்ணு பாத்தாவ."

அடுத்தது ஒரு கட்டிலின் சட்டம், யாருடையதென்று தெரிந்தது. அடுத்தது ஓர் ஏணிப்படி. அடுத்தது கோயிலில் முன்பு இருந்த பாவசங்கீர்த்தனத் தட்டியின் துண்டு, அதன் ஓட்டைகள் வழியாக எங்கள் ஊர்ப் பாவமெல்லாம் போயிருந்ததால் அது கடந்து போகிறவரை எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். இப்படித்தான் அது எங்களுக்குப் புரிந்தது. உடைந்தது, எரிந்தது, அழுகியது, தான் எதுவாக இருந்ததோ அதுவாக இல்லாமல் போன மரமெல்லாம் ஒரு பட்டியாகி அந்தக் கதவில் வந்தது. முழுசாக இருக்கிற எதுவும் வரவில்லை.

தொம்மை மட்டும் நம்பவில்லை. தொம்மை எதையும் கையை விட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆளில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியின் தேங்காய்த் துருவல்பலகையைக் கோடரியால் பிளந்து போட்டுவிட்டு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தான். மறுநாள் மத்தியானம் துருவல்பலகை பட்டியாக வந்தது, பின்னாலேயே அவன் பெண்டாட்டி அகப்பையோடு வந்தாள். அகப்பை உடையாததால் அது கதவில் வரவில்லை.

பெட்டி ஏலக்கூடத்து மேசைக்கு வந்தது. காலையில் மீனுக்கு, மத்தியானத்துக்கு மேல் பெட்டிக்கு என்று ஊர்க் கமிட்டி கூடி முடிவு செய்தது. பெண்கள் முறை வைத்துக்கொண்டு தள்ளினார்கள், கட்டைவிரல் காய்த்துப்போனவளுக்கு ஒருநாள் ஓய்வு. டீக்கடை மேசைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தது, பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்களிடம் "ஒங்க ஊரு மரத்துக்கு இங்க என்ன சோலி?" என்று முதலில் சண்டை போட்டோம், பிறகு செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு என்று விட்டுக்கொடுத்தோம். பங்குச்சாமி வந்து தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அவருக்கு வந்தது அவர் சின்னப் பையனாக ஆடிய மரக்குதிரையின் காது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இதில் பாவம் ஒன்றுமில்லை, பூசை நேரத்தில் மட்டும் தள்ளவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேறொன்று கிடைத்துவிட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அழ இடமில்லாதவர்கள். ஆம்பிளைகள் கடலில் இருக்கும்போது அழக்கூடாது, ஆம்பிளைகளோ எப்போதும் கடலில் இருக்கிறார்கள். இப்போது இஞ்ஞாசியம்மாளின் தொட்டில் கம்பு பட்டியாக வந்து நின்றது. அந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளை நடை பழகுமுன்பே போய்விட்டது, அவள் அதை அப்போது அழவில்லை. இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் பயந்துபோய்க் கடலைப் பார்த்தோம், ஓர் அலைகூடக் கூடுதலாக எழவில்லை.

கமிட்டி மறுபடி கூடியது. மரத்துக்கு அழலாம், மனுஷனுக்குத்தான் அழக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

அதன்பிறகு புன்னைமுனையில் அழுகைக்குக் குறைவில்லை. உலக்கைக்கு அழுதார்கள், முருங்கை மரத்துக்கு அழுதார்கள், ஆசாரிப்பள்ளத்து நாத்தனார் கொடுத்த அலமாரிக்கு அழுதார்கள். ஒரு பட்டி வந்து நின்றால் அதன் சொந்தக்காரி அழுது முடிக்கும்வரை அடுத்தவள் கட்டைவிரலை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது முறையானது. அழுதவர்கள் முகம் கழுவி, டீ குடித்து, கொஞ்சம் அழகாகி வீட்டுக்குப் போனார்கள்.

பெர்பெத்து மட்டும் ஒவ்வொரு மத்தியானமும் வந்து உட்கார்ந்து, பச்சைப் பட்டிக்காகக் காத்திருந்தாள். கதவில் வந்தாலும் கரை தொட்டதாகத்தான் கணக்கு என்று கமிட்டி அவளுக்காக ஒத்துக்கொண்டிருந்தது. 'ஜெபமாலை' என்ற எழுத்தை எழுதியவரே உபதேசியார் என்பதால், மஞ்சள் தீற்றிய பச்சை மரம் வந்தால் அடையாளம் சொல்வது அவர் பொறுப்பு. மணிக்கயிறுக்குக்கூட எண்ணெய் போட்டு வைத்திருந்தார். "இன்னைக்கு வந்துரும் தாயி" என்று போகிற வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள், அவள் புருஷன் செத்த செய்தி வந்துவிடும் என்பதை அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். ஊரில் உடைந்த வள்ளமெல்லாம் வந்தது. தாத்தாக்கள் காலத்துக் கட்டுமரம் வந்தது. ஜெபமாலை வரவில்லை.

ஞானப்பூ ஒவ்வொரு சாயந்தரமும் மருமகளைக் கூட்டிப்போக வருவாள். "வரலேல்லா?" என்பாள். வரலை என்றதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மருமகள் எதற்குக் காத்திருந்தாளோ அது வராமலிருக்கத்தான் மாமியார் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஒரு சண்டையும் இல்லாமல், வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம். முறை பெர்பெத்துவினுடையது. தள்ளிக்கொண்டிருந்தவளின் கட்டைவிரல் ஒரு பட்டியில் நின்றுவிட்டது.

சாயமில்லாத பட்டி. பூவரசு. இரண்டு ஓரமும் உருட்டி இழைத்தது, ஆணித்துளை இல்லை, அறுத்த காயம் இல்லை, காடிக்கு ஒரு மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை. கட்டிலிலிருந்தோ ஏணியிலிருந்தோ வெட்டி எடுத்து வராமல் பட்டியாகவே பிறந்த பட்டி. அதன் வலது ஓரத்தில் எள்ளளவு கரும்புள்ளி.

கல்யாணமான வருஷம் கஸ்பாருக்காக அவள் பெட்டி செய்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்து குனிந்து பார்த்தவனின் பீடியிலிருந்து தெறித்த பொறி அது. இழைத்துக் கொண்டுவந்ததெல்லாம் போச்சே என்று அவள் கத்த, "கெடக்கட்டும்ட்டி, பெட்டிக்கும் ஒரு மச்சம் இருந்துட்டுப் போட்டும்" என்றான். அந்த மச்சத்தைத் தடவித் தடவித்தான் அவன் பெட்டியைத் திறப்பான். அவன் கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்கு அந்தப் பெட்டி உருமாலுக்குள் இருந்தது. உருமால் அவன் தலையில் இருந்தது. பட்டி உதிர வேண்டுமானால் பெட்டி ஊறியிருக்க வேண்டும், பெட்டி ஊற வேண்டுமானால் தலை முங்கியிருக்க வேண்டும்.

பெர்பெத்துவுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு கிடைத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

"உபதேசியாரே" என்றாள். "மணி அடிங்க. அவிய பெட்டி வந்துட்டு."

உபதேசியார் ஓடி வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கூட்டமும் குனிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரக்கம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"இது ஒம் பெட்டிப் பட்டில்லா தாயி. இந்தப் பெட்டியோட பட்டி. மொதல்ல போனதெல்லாம் இப்பிடித்தான இருந்துது?"

"இல்ல. இது அவியளுக்குச் செஞ்சது. மச்சத்தைப் பாருங்க."

"வச்சிரம் காய்ச்சையில பொறி தெறிச்சிருக்கும்மா."

"ஊருக்கே பூவரசுல செஞ்சு குடுத்திருக்க. யாரு பெட்டி ஒடஞ்சுதோ?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"நா இழைச்ச பட்டி எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி, தெரியும். ஆனா ஊரு ஒத்துக்கிட்டது வள்ளத்து மரத்துக்குல்லா? ஒரு பீடிப்பெட்டிய நம்பி மணி அடிச்சு, நாளைக்கு அவன் வந்து நின்னாம்னா நா எந்த மூஞ்சிய வச்சு முழிப்பேன்? இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. பச்சை வரட்டும், நானே ஓடிப்போய் அடிக்கேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. பெர்பெத்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். சாயந்தரமாகியிருந்தது, ஞானப்பூ வந்து நின்றிருந்தாள்.

"மாமி, நீங்க பாருங்க. இந்த மச்சத்தை நீங்க பாத்திருக்கீயள்லா?"

ஞானப்பூ குனிந்தாள். அவள் எவ்வளவு நேரம் குனிந்திருந்தாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவள் அவள். மகன் உருமாலைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மாடத்தில் வைத்தவள் அவள்தான்.

"எம் மவன் வள்ளத்துல போனானா, பெட்டியில போனானா?" என்றாள் நிமிர்ந்து. பிறகு குரல் தணிந்து, மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுராத தாயி. ஒன்னையக் கும்பிடுதேன். அவன் எங்கனயாவது நீந்திக்கிட்டு கெடப்பான்" என்றாள்.

பெர்பெத்து அழவில்லை. எதற்காக நாலு வருஷம் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது, வந்தும் வராததாகிவிட்டது. முறைக்காரி என்பதால் அவள்தான் தள்ள வேண்டும், கூட்டம் காத்திருந்தது. மச்சத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவினாள். தள்ளினாள். பட்டி மேலே போய், வளைந்து, மறைந்தது. மேலே போனது எதுவும் இறங்குவதில்லை என்று சொன்னேனே.

கீழேயிருந்து அடுத்தது வந்தது. எலி கடித்ததுபோலப் பல்பல்லாக அரித்த முருங்கைக் கட்டை, இடுக்கில் காய்ந்த கோழிப்பீ.

"யாத்தாடி, என் கோழிக்கூடு!" என்று தொம்மை முன்னால் பாய்ந்தான்.

புயலில் கடலுக்குப் போனது அந்தக் கூடு. ஊரே வள்ளத்தையும் வலையையும் தேடிக்கொண்டிருந்தபோது தொம்மை கோழியைத் தேடிக் கரையெல்லாம் பக்பக் என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தான், அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பில் அவன் வாயடைத்துப் போனதுதான், அதற்குப் பிறகு கோழி என்ற பேச்சையே எடுக்கவில்லை. இப்போது பட்டியைக் கண்டதும், இவ்வளவு பெரிய மீசை வைத்த மனுஷன், உதடு கோணி விசும்பினான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

சிரிப்பு பாதியில் நின்றது. மேசைமேல் பெர்பெத்து குப்புற விழுந்திருந்தாள். முதலில் சத்தமே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு அந்த வீங்கிய தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, நங்கூரக் கயிறு அறுந்து ஓடும்போது வருகிற மாதிரி, வந்துகொண்டே இருந்தது. கோழிக்கூட்டுப் பட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியை மேசையில் முட்டி முட்டி, "போயிட்டியே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதாள். கடலைப் பார்த்தோம். கடல் சும்மா கிடந்தது.

தொம்மைக்குத் தன் அழுகையே நின்றுவிட்டது. யாருக்கும் தோன்றாத மரியாதை தன் கோழிகளுக்குக் கிடைத்ததில் அவன் திணறிப்போனான்.

"ஏ தாயி, கோழிக்கூடுதானம்மா. வுடு. வேற கூடு அடிச்சுக்கிடலாம்" என்றான்.

அவள் நிறுத்தவில்லை. உபதேசியார் தயங்கித் தயங்கி, "யாருக்கு அழுத? மரத்துக்குத்தான?" என்று கேட்டார்.

ஞானப்பூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். மருமகளின் தலையைத் தூக்கி, சேலை முந்தானையால் அவள் மூக்கையும் வாயையும் துடைத்தாள்.

"கோழிக்கு அழுதா" என்றாள் உபதேசியாரிடம். "கோழிக்கு அழலாம்லா?"

"கோழிக்கு அழலாம்" என்றார் உபதேசியார்.

ஞானப்பூ தலையை ஆட்டிக்கொண்டாள். பெஞ்சைத் தடவிப் பார்த்து மருமகளுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "தொம்ம, எத்தனடே போச்சு ஒங் கோழி?" என்று கேட்டாள்.

"ஏழு, மாமி."

"ஏழுமா?" என்றாள் ஞானப்பூ. "ஒண்ணுகூட கரைக்கு வரலியா?"

"ஒண்ணுகூட வரல மாமி."

"ஒண்ணுகூட வரல" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.